நெருப்பின்றிப் புகையுமா?

"வெறும் பேச்சுத்தானே!" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். ஆனால் பேச்சு வெறும் பேச்சாகவே நின்றுவிடுவதில்லை. ஓர் ஊர் ஒருவனைக் கள்வன் என்று முடிவு கட்டுவது முறைமன்றத்தில் அன்று, தேநீர்க்கடையில். ஒரு குடும்பம் எந்நீரைக் குடிப்பது, எப்பயிரை இடுவது, எவரோடு உறவு கொள்வது என்று துணிவதும் அறிஞர் அவையில் அன்று. திண்ணையிலும், வரப்பிலும், பேருந்துக்குக் காத்திருக்கும் கால்மணிப் பொழுதிலுந்தான். அங்கே சொல்லப்படும் முடிவுக்கு ஏது என்ன, அவ்வேது அம்முடிவைத் தாங்குமா என்று எவரும் வினவுவதில்லை. வினவாமையின் விளைவோ பேச்சோடு நிற்பதில்லை, அது வீட்டை எரிக்கின்றது, எலும்பை வளைக்கின்றது, ஏதுமறியா மக்களைச் சிறைக்கு அனுப்புகின்றது.

இது மிகைப்படக் கூறுவதன்று. தகடூர் மாவட்டமாகிய தருமபுரி மாவட்டத்தின் அண்மைக் கால வரலாறே இதற்குச் சான்று. அம்மாவட்டத்து நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொண்டு, நம் அன்றாடப் பேச்சில் உண்மையின் உடையணிந்து உலவும் போலி ஏதுக்களைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரணம் நமக்கு இறக்குமதியா?

"ஏரணமெல்லாம் மேலைநாட்டார் கல்லூரிப் பாடம், நமக்கெதற்கு?" என்பார் உளர். கிரேக்கப் பேரறிஞர் அரிசுடாட்டில் பதின்மூன்று வகைப் போலிகளை எண்ணி வைத்தார் என்பது மெய்யே. ஆயின், மணிமேகலையில் காஞ்சி நகரிலே அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைத்த பாடம் என்ன? மேற்கோள் இது, ஏது இது, எடுத்துக்காட்டு இது என்று வகுத்து, மேற்கோளில் நேரும் போலி ஒன்பது, ஏதுவில் நேரும் போலி பதினான்கு, எடுத்துக்காட்டில் நேரும் போலி பத்து என முப்பத்து மூன்று வழுக்களை அவர் அடுக்குகின்றார். அவற்றின் பெயர்கள் வடமொழிச் சாயல் பெற்றிருப்பினும், அவை சுட்டும் வழுக்கள் நம் திண்ணைப் பேச்சில் நாள்தோறும் நிகழ்வனவே. பட்டினப்பாலை, கல்வி வல்லார் சொற்போருக்கு அழைத்துக் கொடி நாட்டியதைக் கூறுகின்றது. பவணந்தியார் நன்னூலில் வகுத்த பத்துக் குற்றங்களுள் மாறுகொளக் கூறலும் மற்றொன்று விரித்தலும் இடம் பெற்றுள்ளன. நூலுக்குச் சொன்ன அக்குற்றங்கள் பேச்சுக்கும் பொருந்தும்.

இவை யாவற்றுக்கும் மேலாக, தகடூர் மண்ணோடு பிணைந்த ஒரு செய்தியைக் காண்க. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். 'படைக்கலங்கள் பலவாய்ப் பளபளக்கின்றன. ஆகவே யான் வலியன்' என்பது அவன் சொல்லாமற் சொன்ன ஏரணம். ஔவையார் அவற்றின் பொலிவை மறுக்கவில்லை. நெய் பூசி, அணி செய்து, காவலோடு வைக்கப்பட்டிருக்கும் அழகை எடுத்துச் சொல்லிவிட்டு, அஞ்சியின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்று முடித்தார். பொலிவு வலிமைக்கு அடையாளமன்று. போர்க்களம் காணாமைக்கே அடையாளம். தொண்டைமான் காட்டிய ஏதுவே அவன் மேற்கோளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. கண்ணெதிரே காட்டப்படும் பொருள் மெய்யாக இருக்கலாம். அதிலிருந்து உருவப்படும் முடிவு மெய்யாக இருக்கவேண்டுவதில்லை. இவ்வேற்றுமையை உணர்வதே ஏரணத்தின் முதற்பாடம். அதைக் கற்பித்தவர் தகடூர்த் தூதர் என்பதை மறவற்க.

புகையா, பனியா?

"நெருப்பில்லாமற் புகையுமா?" என்னும் பழமொழியை அறியாதார் இல்லை. ஒருவரைப் பற்றி ஓர் அலர் எழுந்தவுடன், அதை ஆராய்ந்து பார்ப்பதற்கு மாறாக இப்பழமொழியை வீசிவிட்டு எழுந்து போய்விடுகின்றனர். பேச்சு அத்துடன் முடிந்தது. ஓர் ஆசிரியரின் பெயரோ, ஒரு பெண்ணின் வாழ்வோ அத்துடன் கெட்டது.

புகை கண்ட இடத்தில் நெருப்புண்டு என்பது பழுதற்ற ஏரணமே. அடுக்களையைக் காட்டி அதனை விளக்குவது பண்டை ஏரண நூலார் வழக்கு. ஆனால் அதே நூலார் ஓர் எச்சரிக்கையையும் உடன் வைத்தனர். காண்பது புகைதானா, நீராவியா, பனியா என்று ஐயமிருக்கும்போதே அதைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிதல் வழு என்றனர். மணிமேகலையும் இவ்வழுவைப் பெயரிட்டுக் காட்டுகின்றது.

அதற்கு எடுத்துக்காட்டைத் தேடி நாம் நெடுந்தொலைவு போகவேண்டா. பென்னாகரத்துக்கு அப்பால் காவிரி பாறைகளினூடே விழுமிடத்தில் எழும் நீர்த்திவலை தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குப் புகையாகவே தோன்றும். அதனாலன்றோ அவ்விடத்துக்கு ஒகேனக்கல் என்று பெயர் வழங்குகின்றது! கன்னட வடிவில் வழங்கும் அப்பெயருக்குப் 'புகைக்கல்' என்பதே பொருள். அங்கே புகை உண்டு, நெருப்பு இல்லை. நெருப்புக்கு நேர்மாறான நீரே அங்குள்ளது. நெருப்பின்றிப் புகையுமா என்று கேட்பவர்க்குக் காவிரியே மறுமொழி கூறுகின்றது.

அலரும் அத்தகையதே. ஒரு செய்தியைப் பத்துப்பேர் சொல்கின்றனர் என்பதால் பத்துச் சான்றுகள் உள்ளன என்பதாகாது. அப்பதின்மரும் ஒருவனிடமிருந்தே கேட்டிருப்பின் அங்குள்ள சான்று ஒன்றுதான். அவ்வொருவனும் நேரிற் காணாதவனாயின் அவ்வொன்றும் இல்லை. இக்காலத்தில் கைப்பேசியில் ஒரே செய்தி இருபது குழுக்களின் வழியாக இருபது முறை வந்து சேர்கின்றது. "எங்கும் இதே பேச்சு" என்று மலைக்கின்றோம். இருபது முறை வந்தது ஒரே பனி, இருபது நெருப்பன்று.

காக்கையும் பனம்பழமும்

பின் நிகழ்ந்தது முன் நிகழ்ந்ததன் விளைவே என்று துணிவது மற்றொரு போலி. மழை பொய்த்த ஆண்டுகளில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாய் இழுப்பதும், கழுதைக்கு மணம் முடிப்பதும் நம் சிற்றூர்களில் வழங்கிவரும் சடங்குகள். சில நாள்களில் மழை பெய்துவிட்டால், "பார்த்தீரா!" என்பர். இச்சடங்குகளை எவரும் மழைக்காலத்து நடுவே செய்வதில்லை; மழை பிந்திப் பிந்தி, இனிப் பொறுக்க முடியாது என்னும் நிலையிற்றான் செய்கின்றனர். பிந்திய மழை வந்தே தீரவேண்டிய நாள்கள் அதற்குள் நெருங்கியிருக்கும். சடங்கு செய்யாத பக்கத்து ஊரிலும் அன்று மழை பெய்ததா என்று ஒருவர் கேட்டால் போதும், ஏது உதிர்ந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நமக்குச் சொல்லிவைத்த முன்னோர் இப்போலியை நன்கறிந்தவரே. நோய்க்கு மூவழியில் மருந்துண்டு, கடைசியாக உண்டதற்கே பெருமை சூட்டுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஒரு சோறு எப்பொழுது பதம்?

இனி, நம் பேச்சில் மிகுதியாகப் பயின்று, மிகுதியாகத் தீங்கு விளைக்கும் போலிக்கு வருவோம். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி. இது மெய்யான பழமொழி. ஆயினும் அது மெய்யாவதற்குரிய நிலைமைகளை எவரும் எண்ணுவதில்லை. அப்பானையில் உள்ளது ஒரேவகை அரிசி. அதில் ஊற்றியது ஒரே நீர். கீழே எரிவது ஒரே நெருப்பு. வெந்த நேரமும் ஒன்றே. துடுப்பால் கிளறியும் விட்டாயிற்று. இத்தனையும் ஒத்திருப்பதாற்றான் ஒரு பருக்கை பானை முழுமைக்கும் சான்றாகின்றது. நான்கு வீட்டு அரிசியை நான்கு வேளையில் இட்ட பானையாயின், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து எந்தப் பெண்டிரும் உலையை இறக்கமாட்டார். அடுப்பங்கரையில் நம் தாய்மார்க்குள்ள இத்தெளிவு, ஊரையும் மக்களையும் பற்றிப் பேசும்போது நம்மில் எத்துணைப் பேர்க்கு உள்ளது?

நீரைப் பற்றிய பேச்சை முதலிற் பார்ப்போம். தகடூர் மாவட்டத்து நிலத்தடி நீரில் பலவிடங்களில் புளோரைடு மிகுந்துள்ளது. பாறைகளில் உள்ள கனிமங்கள் நீரிற் கரைவதால் வருவது அது. ஓர் இலிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. அவ்வளவுக்கு மிஞ்சிய நீரைக் குழந்தைப் பருவத்திலேயே குடித்துவந்தால் முளைக்கும் பல்லிற் கறை படியும். ஆண்டுக்கணக்கிற் குடித்துவந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதைச் சொன்னால் எழும் மறுப்பு என்ன? "எங்கள் பாட்டனார் இதே ஊர் நீரைக் குடித்துத் தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தார்" என்பதே. பாட்டனார் குடித்தது மேல்மட்டக் கிணற்று நீராயிருக்கலாம்; பேரன் குடிப்பதோ பலநூறு அடி துளைத்தெடுத்த நீர். பானையும் வேறு, அரிசியும் வேறு. தொண்ணூறு ஆண்டு வாழ்ந்தவர் திண்ணையில் அமர்ந்திருந்ததால் கண்ணிற் பட்டார். மூட்டு இறுகி வீட்டினுள்ளே கிடந்தவர் கணக்கில் வரவில்லை.

"கொதிக்க வைத்துக் குடித்தால் எல்லாம் போய்விடும்" என்பது இன்னொரு மறுப்பு. கொதிநீரில் நோய்தரும் நுண்ணுயிர்கள் மடியும் என்பது மெய். அதிலிருந்து, நீரில் உள்ள கேடெல்லாம் நுண்ணுயிரே என்று சொல்லாமலே ஒரு படியைத் தாவிவிடுகின்றனர். புளோரைடு உயிரன்று, கொதித்து மடிவதற்கு. நீர் ஆவியாகிக் குறையுமேயன்றி அது குறையாது. எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். சொல்லாமல் விட்ட படியில்தான் போலி ஒளிந்துகொண்டிருக்கும். இக்கேட்டை நீக்கும் நோக்கோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. காவிரி நீர் ஊருக்குள் வந்த பின்னும், ஆழ்துளை நீரே சுவையானது, தெளிவானது, ஆகவே நல்லது என்று அதையே குடிப்பவரைக் காட்சியளவையே கெடுத்துவிட்டது எனலாம். புளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணும் நாவும் அதற்குச் சான்றாகா.

உழவர் பேச்சிலும் இப்போலி உண்டு. பாலக்கோட்டுச் சந்தைக்கு வரும் தக்காளியைப் பாருங்கள். ஓராண்டில் ஒருவர் நல்ல விலைக்கு விற்று ஈட்டுகின்றார். "அவர் இட்டார், ஈட்டினார், நாமும் இட்டால் ஈட்டுவோம்" என்று ஊரே தக்காளி இடுகின்றது. அவர்க்கு விலை கிடைத்தது சந்தையில் தக்காளி குறைந்திருந்தமையால். எல்லாரும் இட்டவுடன் அக்கரணியமே அழிந்துவிடுகின்றது. பறிக்கும் கூலிக்கும் விலை போதாமற் பழத்தைச் சாலையோரம் கொட்டும் நிலை வருகின்றது. ஒருவர்க்கு மெய்யானது, எல்லாரும் அதையே செய்யும்போது பொய்யாகிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்றால் அவனுக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் எழுந்து நின்றாலோ எவனுக்கும் தெரியாது.

நீரும் தக்காளியும் இழப்போடு போயின. மக்களைப் பானையிலிட்டு ஒரு பருக்கையை நசுக்கியபோது என்ன நேர்ந்தது? 2012-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். சாதி கடந்து ஓர் ஆணும் பெண்ணும் மணந்துகொண்டனர். பெண்ணின் தந்தையார் அன்று தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அத்துயரம் பெரிது, அதனை எவரும் எளிதாகக் கருதலாகாது. ஆனால் அன்று மாலையே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளுக்குள் கூட்டம் புகுந்தது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. அவ்வீடுகளில் வாழ்ந்தவர் அத்திருமணத்துக்கு என்ன செய்தனர்? அவருட் பெரும்பாலார் அம்மணமக்களை அறிந்தவராகவும் இருந்திரார். ஆயினும் ஏரணம் இப்படி ஓடிற்று: ஒருவன் மணந்தான், அவன் அச்சாதியான், ஆகவே அச்சாதியார் அனைவரும் குற்றவாளிகள்.

அந்நாளையொட்டி எங்கும் ஒலித்த பேச்சை நினைவு கூர்க. ஒடுக்கப்பட்ட குல இளைஞர் யாவரும் நல்லுடையணிந்து, திட்டமிட்டு, பிற குலப் பெண்களை மயக்குகின்றனர் என்றும், அது காதலன்று, 'நாடகக் காதல்' என்றும் மேடையிலும் தேநீர்க்கடையிலும் சொல்லப்பட்டது. யாவரும் என்பதற்கு ஏது என்ன? எங்கோ ஒருவன் ஏமாற்றினான் என்னும் கதை. ஏமாற்றாமல் மணந்து, இல்லறம் நடத்துவோர் கணக்கில் ஏன் சேர்க்கப்படவில்லை? தன் குலத்து இளைஞன் ஒருவன் பெண்ணை ஏமாற்றினால் அதை அவன் தனியொருவனின் குற்றமென்போர், பிற குலத்தான் செய்தால் அதைக் குலத்தின் குற்றமென்பது எவ்வேரணம்? ஒரே அளவுகோலை இருவர்க்கும் இரு வகையாய்ப் பிடிப்பதே மாறுகொளக் கூறல். அம்மணவிளைஞரும் 2013-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் தருமபுரியில் இருப்புப்பாதையருகே பிணமாகக் கிடந்தார். ஒரு பருக்கை ஏரணம் இரண்டு குடும்பங்களையும் மூன்று குடியிருப்புகளையும் விழுங்கிற்று.

"அவர்கள் அப்படிச் செய்வார்களா?"

ஆளின் தகுதியைக் காட்டிச் செயலை மறுப்பதும், ஆளின் இழிவைக் காட்டி அவன் சொல்லை மறுப்பதும் ஒரே போலியின் இரண்டு முகங்கள். இவ்விரண்டும் ஒருங்கே கூடிச் செய்த கொடுமைக்கு வாச்சாத்தி சான்று.

சித்தேரி மலையடிவாரத்தில் பழங்குடி மக்கள் வாழும் ஊர் வாச்சாத்தி. 1992-ஆம் ஆண்டு சூன் 20-ஆம் நாள், கடத்தப்பட்ட சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லிக் காட்டுத் துறையினர் 155 பேர், காவல் துறையினர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அவ்வூருக்குள் நுழைந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பொருள்கள் சூறையாடப்பட்டன, ஆடுமாடுகள் அழிக்கப்பட்டன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

இச்செய்தி வெளியே வந்தபோது நாட்டில் எழுந்த பேச்சு மூன்று வகைத்து.

முதலாவது: "பொறுப்பான அரசு அலுவலர்கள் இப்படிச் செய்வார்களா?" இதில் மேற்கோள், செய்யவில்லை என்பது. ஏது, அவர்கள் அலுவலர்கள் என்பது. அலுவலர்கள் இன்னது செய்யக்கூடாது என்று நெறி உள்ளது. செய்யக்கூடாது என்பதிலிருந்து செய்யவில்லை என்பது எப்படிப் பெறப்படும்? அவ்வாறாயின் களவு செய்யக்கூடாது என்று சட்டம் இருப்பதாலேயே நாட்டில் களவே நிகழவில்லை என்று முடிக்கலாம். செயலைக் கண்டவர் யார், உடலிற் காயம் உண்டா, வீடு இடிந்து கிடக்கின்றதா என்பவையே அங்கு வினவத்தக்கவை. உடுத்தியிருக்கும் உடை சான்றாகாது.

இரண்டாவது: "அவர்கள் சந்தன மரம் கடத்தியவர்களாயிற்றே!" இது நன்னூலார் குறித்த மற்றொன்று விரித்தல். பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினரா என்பது வினா. மரம் வெட்டப்பட்டதா என்பது வேறு வினா. இரண்டாவதற்கு 'ஆம்' என்று விடை வந்தாலும் முதலாவதற்கு அது விடையாகாது. முதலாவதைச் செய்தவர்க்கு அது உரிமையும் தாராது. ஒருவன் மரம் வெட்டினான் என்பதால், அவ்வூர்ச் சிறுமியும் கிழவியும் கடத்தற்காரர் என்னும் ஒருசோற்று ஏரணமும் இதனுள்ளே அடங்கிக் கிடந்தது.

மூன்றாவது: "அவர்க்குப் பின்னாலிருந்து கட்சிக்காரர்கள் தூண்டிவிடுகின்றனர்" என்பது. மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் அம்மக்களுக்குத் துணை நின்றது உண்மையே. சொல்வதற்கு ஒருவர் துணை நின்றார் என்பதால் சொன்னது பொய்யாகிவிடுமா? துணை நிற்பார் இல்லாவிடில் அச்சொல் காட்டை விட்டே வந்திருக்காது.

இம்மூன்று பேச்சுக்கும் விலை கொடுத்தவர் யார்? 1995-இல் உயர்முறைமன்றம் வழக்கை நடுவண் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றஞ் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி மாவட்ட முறைமன்றம் தீர்ப்பளித்தது 2011-ஆம் ஆண்டு செபுதம்பர் 29-ஆம் நாள். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேர் தண்டனை பெற்றனர். அவருள் பதினெழுவர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு அதே செபுதம்பர் 29-இல் சென்னை உயர்முறைமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பெண்களுக்கும் பத்து இலக்கம் உருவா இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்டது. முப்பத்தோராண்டுகள்! அப்பெண்கள் சொன்னது முதல் நாளிலேயே மெய். மெய்யாக இருப்பதற்கு அச்சொல்லுக்குத் தீர்ப்புத் தேவைப்படவில்லை, ஏற்கப்படுவதற்கே தேவைப்பட்டது. "அவர்கள் செய்வார்களா?" என்று எளிதாகச் சொல்லிவிட்டுத் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுப் போனவர் ஒவ்வொருவரும் அம்முப்பத்தோராண்டில் ஒரு நாளையேனும் கூட்டியவரே.

நம் பக்கத்துப் போலிகள்

பிறர் பேச்சிற் போலியைக் காண்பது எளிது. நமக்கு இனிப்பான முடிவுக்குத் துணைவரும் போலியைக் காண்பதுதான் அரிது. தமிழ்ப்பற்றாளர் நடுவிலும் இது நிகழ்கின்றது. "இம்மருந்து நம் பழஞ்சுவடியில் உள்ளது, ஆகவே தப்பாது" என்கின்றனர். பழைமை மதிப்புக்குரியது, ஆனால் நோய் தீர்ந்ததா என்பதற்குப் பழைமை விடையன்று. "இச்சொல்லும் அச்சொல்லும் ஒலியில் ஒத்திருக்கின்றன, ஆகவே அது தமிழிலிருந்தே பிறந்தது" என்கின்றனர். ஒலி ஒப்புமை ஒன்று மட்டும் ஏதுவாகாது. ஒகேனக்கல்லின் முன்சொல்லைப் புகை என்று நாம் கொள்வது செவிக்கு இனிப்பதாலன்று. பால், பல், பத்து, புலி, புகை என்னும் சொற்களின் முதற்பகரம் கன்னடத்தில் ஒரே முறையாக மூச்சொலியாய்த் திரிந்து நிற்கின்றது. ஒரு சொல்லன்று, ஒரு வரிசையே சான்று கூறுகின்றது. இவ்வாறு வரிசை காட்டி நிறுவுவதே பாவாணர் போன்றார் நடந்த சொல்லாய்வு நெறி. அவ்வுழைப்பின்றி ஒலியை மட்டும் காட்டுவார், தமிழுக்கு வழக்கறிஞராக நின்று வழக்கைத் தோற்பவரேயாவர்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஏது போலியாயிருப்பதனாலேயே மேற்கோள் பொய்யாகிவிடாது. "அந்தக் கிணற்றில் பேய் உள்ளது, குடிக்காதே" என்று ஒரு மூதாட்டி தடுத்தால், பேயை மறுக்கலாம், நீரை ஆய்ந்து பாராமற் குடித்துவிடலாகாது. அவர் ஏது பிழை. முடிவு ஒருகால் மெய்யாகவே இருக்கலாம். இஃது ஒன்று.

மற்றொன்று, போலியைக் கண்டவுடன் அதற்கொரு பெயர் சூட்டிப் பேசுபவரை நகையாடுவது ஏரணமன்று, செருக்கே. நகையாடப்பட்டவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளார்; அதை இன்னும் இறுகப் பற்றிக்கொள்வார். ஊரிற் பெரியவர் ஒருவர் சொல்லும்போது, "ஐயா, இதை நேரிற் கண்டவர் யார்?" என்று பணிவாய் ஒரு வினா கேட்டாற் போதும். "அண்ணா, பக்கத்து ஊரிலும் அப்படியேதானா?" என்று கேட்டாற் போதும். பாதிப் போலிகள் ஒரு வினாவுக்கே நில்லாமல் விழுந்துவிடும். எச்செய்தியையும் எவர் வாயிற் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளைக் காணவேண்டும் என்றார் வள்ளுவர். சொல்பவரை இகழச் சொல்லவில்லை; சொல்லப்பட்டதை ஆராயவே சொன்னார்.

மூன்று வினாக்கள்

முப்பத்து மூன்று போலிகளின் பெயரையும் மனப்பாடம் செய்யவேண்டுவதில்லை. மூன்றே வினாக்களை நாவில் வைத்திருங்கள்.

மேற்கோள் எது? பேசுபவர் நிறுவ விரும்புவது எதுவென்று முதலிற் பிடித்துக்கொள்ளுங்கள். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றொன்று விரித்து எவரும் நம்மை இழுத்துச் செல்லமுடியாது.

ஏது எது? கண்டதா, கேட்டதா? கேட்டதாயின் யாரிடம்? ஆளின் சாதி, உடை, பதவி, கட்சி இவற்றுள் எதுவும் ஏதுவாக வைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

எடுத்துக்காட்டு பொருந்துமா? காட்டப்படும் ஒரு சோறு இப்பானையைச் சேர்ந்ததுதானா? காட்டப்படுவது புகைதானா, பனியா?

இவ்வினாக்களுக்குப் பெருங்கல்வி வேண்டா. பள்ளிப் பிள்ளையும் கேட்கலாம். ஆசிரியராயிருப்போர் கிழமைக்கு ஒருநாள், ஊரில் அடிபடும் ஒரு பேச்சை எடுத்துக்கொண்டு மாணவரைக்கொண்டு இம்மூன்றையும் வினவச் செய்க. பெற்றோராயிருப்போர், "எதிர்த்துப் பேசாதே" என்று பிள்ளையை அடக்குமுன், அப்பிள்ளை கேட்பது எதிர்ப்பா, வினாவா என்று எண்ணிப் பார்க்க. ஒரு மொழியைக் காத்தல் என்பது அதன் சொற்களைக் கலப்பின்றி வைத்துக்கொள்வது மட்டுமன்று. அச்சொற்களால் மெய்யைச் சொல்வதுமாகும். தூய தமிழிற் சொன்ன பொய்யும் பொய்யே.

தமிழ்மக்களே! வீடுகள் எரிவதற்கு முன்னர்ச் சொற்கள் எரிகின்றன. சொல் எரியும்போதே அதன்மீது ஒரு வினாவைத் தெளியுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுமுன் நிறுத்துங்கள், வினவுங்கள், ஏது நில்லாதாயின் அச்சொல்லை உங்களோடு முடித்துவிடுங்கள். அடுத்தவர்க்குக் கடத்தாதீர்கள்!